ஊதா ஒளியில் பல் பார்க்க வரும் பிள்ளைகளுக்கு

செமெலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளும், பினாங்கில் பயிற்சி முடித்துப் பள்ளிப் பல் சிகிச்சைக் குழுக்களில் சேரும் பிள்ளைகளும் என்னைப் பார்க்க வரும்போது இப்போதெல்லாம் இதைத்தான் கேட்கிறார்கள்: ஊதா ஒளி பாய்ச்சிப் பல்லைப் படம் பிடிக்கும் கருவி வந்துவிட்டதே, அதை எப்படிப் பழகுவது? நான் சுங்கைப் பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் பக்கத்துத் தோட்டங்களிலும் கோலா கெடா மீனவர் குடியிருப்புப் பக்கமும் பல் தாதியாக வேலை பார்த்தவள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் ‘பல் மிஸ்ஸி’. வாய்க் கண்ணாடியும் கைவிளக்கும் மட்டுமே இருந்த காலத்தையும் பார்த்தேன், இந்த ஒளிக்கருவிகளையும் பார்த்தேன். உங்களுக்கு உதவும் என்று தோன்றுவதை எண்ணிட்டு எழுதித் தருகிறேன். நேரம் இல்லாதவர்கள் எட்டாவதை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

1. இந்தக் கருவி யாருக்காக என்பதை முதலில் மனத்தில் வையுங்கள்.

2005இல் மலேசியா முழுக்க ஐந்து வயதுப் பிள்ளைகளைப் பார்த்தபோது 76.2 சதவீதம் பேருக்குச் சொத்தை இருந்தது. 2015இல் மறுபடி பார்த்தபோது 71.3 சதவீதம். பத்து வருஷ உழைப்புக்கு இறங்கியது ஐந்து புள்ளிதான். நம்முடைய பள்ளிப் பல் சிகிச்சை முறை நல்ல முறை. நியூசிலாந்து 1921இல் பல் தாதியருக்குப் பயிற்சி தரத் தொடங்கியதைப் பார்த்து, 1949இல் பினாங்கில் நமக்கும் பயிற்சிப் பள்ளி வந்தது. ஆனால் அந்தக் காலத்தில் நாங்கள் போய்ச் சேரும்போதே பல் ஓட்டையாகியிருக்கும். அடைப்பதும் பிடுங்குவதுமே வேலையாக இருந்தது. ஓட்டை விழுவதற்கு மாதக்கணக்கில், சில பற்களில் வருஷக்கணக்கில் முன்பே எனாமல் கரையத் தொடங்கிவிடுகிறது. அந்த இடைவெளியில் பல்லைப் பிடித்துக்கொண்டால் டிரில் இல்லாமலே காப்பாற்றலாம். ஒளிக்கருவியின் பயன் முழுவதும் அந்த இடைவெளியில் இருக்கிறது.

2. ஒளி பல்லுக்குள் போய் என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டு தொடுங்கள்.

எனாமல் எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் கனிமம். சர்க்கரையைத் தின்ற கிருமிகள் அமிலம் விட, பல்லின் மேல் உள்ள படலத்தில் அமிலத்தை அளக்கும் பி.எச். எண் 5.5க்குக் கீழே இறங்கினால் அந்தக் கனிமம் கரைய ஆரம்பிக்கும். வேடிக்கை என்னவென்றால், முதலில் கரைவது மேல்பரப்பு அல்ல. மெல்லிய மேல்தோல் ஒன்று ஓரளவு முழுசாகவே நிற்க, அதன் அடியில் நுண்ணிய துளைகள் உண்டாகின்றன. தடவிப் பார்த்தால் வழவழப்பு கூட மாறியிருக்காது.

இப்போது 405 நானோமீட்டர் அளவிலான ஊதா ஒளியைப் பாய்ச்சுங்கள். ஒளி எனாமலைக் கடந்து உள்ளே டென்டின் வரை போகிறது. டென்டினும், எனாமலும் டென்டினும் சேரும் எல்லையும் அந்த ஒளியை வாங்கிக்கொண்டு பச்சை கலந்த ஒளியாகத் திருப்பி விடுகின்றன. இதைத்தான் ஒளிர்வு என்கிறோம். கேமராவுக்கு முன்னால் இருக்கும் மஞ்சள் வடிகட்டி ஊதாவை மறித்துவிடுவதால் பல் இருட்டில் பச்சையாக மின்னுவது மட்டும் படத்தில் வரும். அடியில் கரைந்து துளைவிட்ட இடத்தில் என்ன ஆகிறது? உள்ளே போகும் ஒளி அந்தத் துளைகளில் பட்டுச் சிதறுகிறது. டென்டினுக்குப் போய்ச் சேர்வது குறைகிறது, அங்கிருந்து திரும்பி வருவதும் குறைகிறது. ஆகவே அந்த இடம் கறுத்துத் தெரிகிறது. சாதாரண வெளிச்சத்தில் அதே இடம் வெள்ளைப் புள்ளியாகத் தெரிவதற்கும் அதே சிதறல்தான் காரணம். வெளிச்சத்தில் வெள்ளை, ஊதாவில் கறுப்பு. இரண்டுக்கும் ஒரே காரணம் என்று புரிந்துகொண்ட பிள்ளை கருவி தரும் படத்தைப் பார்த்து மிரள மாட்டாள்.

இது இன்று நேற்று வந்த அறிவு இல்லை. 1928இல் பெனடிக்ட் என்பவர் ‘சயின்ஸ்’ இதழில், பற்கள் புற ஊதா ஒளியில் மின்னுவதைப் பற்றி எழுதினார். சொத்தை கண்ட இடம் அப்படி மின்னவில்லை என்பதையும் கவனித்தவர் அவர். அதே 1928இல், பிப்ரவரி மாதம், கல்கத்தாவில் நம்முடைய சி. வி. ராமனும் வத்திராயிருப்பிலிருந்து போன கே. எஸ். கிருஷ்ணனும் திரவங்களில் சிதறிவரும் ஒளியை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அங்கே தெரிந்த மங்கிய ஒளியை முதலில் ஒருவகை ஒளிர்வு என்றே நினைத்தார்கள். பிறகுதான் அது புதுவிதச் சிதறல் என்று நிரூபித்தார்கள். சிதறலையும் ஒளிர்வையும் பிரித்தறிய அத்தனை பெரிய மூளைகளுக்கே வருஷங்கள் ஆயின. ஒரு குழந்தையின் பல்லில் இரண்டும் ஒன்றாக நடப்பதை நீங்கள் பார்க்கிறீர்கள். பொறுமையாகப் பாருங்கள்.

ஒளிர்வு எத்தனை சதவீதம் குறைந்திருக்கிறது என்று வாய்க்குள்ளேயே அளக்கும் முறையை டச்சு ஆய்வாளர் டி யோசெலின் டி யோங்கும் கூட்டாளிகளும் 1995இல் வெளியிட்டார்கள். சுற்றியுள்ள நல்ல எனாமலோடு ஒப்பிட்டு 5 சதவீதத்துக்கு மேல் ஒளிர்வு குறைந்திருந்தால் மென்பொருள் அதைக் குறித்துக் காட்டும். திருவனந்தபுரத்தில் புவி அறிவியல் ஆய்வு மையத்திலும் 404 நானோமீட்டர் லேசரை வைத்துச் சொத்தைப் பற்களின் ஒளிர்வை ஆராய்ந்திருக்கிறார்கள். நம் பக்கத்து ஆட்களும் இந்த வேலையில் கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

3. கழுவுவதற்கு முன் ஒரு படம், கழுவிய பின் ஒரு படம்.

அழுக்கான பல்லில் ஒளி அடித்தால் அழுக்கைத்தான் பார்ப்பீர்கள். ஆனாலும் முதல் படத்தை அழுக்கோடேயே எடுங்கள். நாள்பட்ட படலம் ஊதா ஒளியில் செங்கல் நிறத்தில் மின்னும். அந்தப் படலத்துக் கிருமிகள் விடும் போர்ஃபிரின் என்ற பொருளின் நிறம் அது. பிள்ளையிடம் அந்தப் படத்தைக் காட்டுங்கள். வேறு எந்த அறிவுரையும் அந்த ஒரு படத்தின் வேலையைச் செய்யாது. பிறகு வெறும் பிரஷ்ஷும் தண்ணீரும் வைத்துத் துலக்கிவிட்டு இரண்டாவது படம் எடுங்கள். துலக்க மெருகுப் பசை வைத்தால் அது குழிகளில் தங்கி, தானே மின்னி உங்களை ஏமாற்றும்.

நான் சொல்வது கண்முன் தெரிய ஒரு பல்லைச் சொல்கிறேன். ஏழு வயதுப் பெண்பிள்ளை, கீழ்த்தாடை இடப்பக்கம் 36ஆம் எண் கடைவாய்ப்பல். முளைத்துப் பாதிதான் மேலே வந்திருக்கிறது. பின்புறம் ஈறு இன்னும் மூடியிருக்கிறது. முதல் படத்தில் குழிகள் எல்லாம் செம்மை, ஈறோரம் செம்மை. துலக்கிய பின் ஈறோரத்துச் செம்மை முழுக்கப் போய்விட்டது. அதன் அடியில் பச்சைக்குள் ஒரு கறுத்த பிறை. நடுக் குழியில் செம்மை நூல் மாதிரி மிச்சம் நிற்கிறது. அந்தப் பிறைதான் ஆரம்பச் சொத்தை. அந்த நூல் வெறும் அழுக்காகவும் இருக்கலாம், கீழே சொத்தை ஒளிந்திருப்பதாகவும் இருக்கலாம்; ஒளி மட்டும் வைத்து முடிவு சொல்லக்கூடாத இடம் அது. பாதி முளைத்த கடைவாய்ப்பல் எதிர்ப்பல்லோடு இன்னும் மோதாததால் சோறு மென்று தேய்வதில்லை, பிரஷ்ஷும் எட்டுவதில்லை. ஆறு, ஏழு வயதில் இந்தப் பல்லைத் தேடித் தேடிப் பாருங்கள்.

4. செம்மை எல்லாம் சொத்தை இல்லை, கறுப்பு எல்லாம் சொத்தை இல்லை.

சொத்தைக்குப் பேர்போன மியூட்டன்ஸ் கிருமியே அவ்வளவாகச் செம்மையாக மின்னுவதில்லை. செம்மையாக மின்னுவது பெரும்பாலும் பழைய படலத்தில் குடியேறும் மற்றக் கிருமிகள். பற்காரையும் செம்மையாக மின்னும். கறுப்புக்கு வந்தால், பல் உருவாகும்போதே ஃப்ளோரைடு கூடிப்போய் வெண்திட்டு விழுந்த பல்லும் கறுப்பாகத் தெரியும், பிறவியிலேயே எனாமல் மெலிந்த கடைவாய்ப்பல்லும் கறுப்பாகத் தெரியும், தேநீர்க் கறையும் வெற்றிலைக் கறையும் கறுப்பாகத் தெரியும். பழைய அடைப்புப் பொருள்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக மின்னும். திட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஈறோரமும் குழியும் படலம் தங்கும் இடங்கள். அங்கே இருந்தால் சந்தேகப்படுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, ஒரே உயரத்தில், பல்லின் நடுவில் வரி வரியாக இருந்தால் அது வளரும்போது வந்தது.

5. இரண்டு வகைக் கருவிகளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

படம் காட்டும் ஊதா ஒளிக் கேமரா ஒரு வகை. 655 நானோமீட்டர் சிவப்பு லேசரைப் பல்லில் தொட்டு 0 முதல் 99 வரை எண் காட்டும் டயக்னோடென்ட் போன்ற பேனா இன்னொரு வகை. அது 1990களின் கடைசியில் வந்தது. முதலாவது எனாமலில் கனிமம் குறைந்ததைக் காட்டுகிறது. இரண்டாவது சொத்தைக்குள் கிருமிகள் விட்ட பொருள்கள் மின்னுவதை அளக்கிறது; எனாமலின் ஆரம்பக் கரைசலில் அது அவ்வளவு கெட்டி இல்லை. ஒன்றின் எண்ணை எடுத்து மற்றதன் படத்தோடு ஒட்டிப் பேசக்கூடாது.

6. ஒளிக்கு முன்னால் கண். கண்ணுக்கு முன்னால் காற்று.

பல்லைக் காற்றடித்து ஐந்து விநாடி உலர்த்துங்கள். ஈரத்தில் தெரியாமல் உலர்ந்த பின் மட்டும் தெரியும் வெள்ளை, எனாமலின் வெளிப்பகுதியோடு நிற்கிறது. ஈரத்திலேயே தெரியும் வெள்ளை ஆழமாகப் போயிருக்கிறது. காரணம் சுலபம். எனாமலின் ஒளிவிலகல் எண் 1.62, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. துளைக்குள் தண்ணீர் இருந்தால் வித்தியாசம் கம்மி, ஒளி குறைவாகச் சிதறும். காற்று புகுந்தால் வித்தியாசம் கூடிச் சிறிய துளை கூட வெள்ளையாகத் தெரிந்துவிடும். சொத்தையைத் தரம் பிரிக்கும் ஐசிடாஸ் என்ற உலக முறையில் 1க்கும் 2க்கும் உள்ள பிரிவே இதுதான். மின்சாரம் சரியாக வராத பள்ளிக்கூட மண்டபத்தில், காற்றடிக்கும் குழல் இல்லாமல் பஞ்சை ஒற்றி உலர்த்திக்கூட இதைப் பார்த்திருக்கிறோம். காற்று எவ்வளவு நேரம் அடிக்கிறீர்களோ அதைப் பொறுத்து ஒளிர்வுப் படமும் மாறும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரே அளவு.

7. கூர்ப் புரோபை வைத்துக் குத்தாதீர்கள்.

எங்கள் காலத்தில் கூர்முனை சிக்கினால் சொத்தை என்று சொல்லிக் கொடுத்தார்கள். மேல்தோல் முழுசாக நிற்கும் ஆரம்பச் சொத்தையில் கூர்முனையை அழுத்தினால் அந்தத் தோல் உடைந்துபோகும். குணமாகியிருக்கக்கூடிய பல்லில் நாமே ஓட்டை போட்டதாகும். உருண்டை முனைப் புரோபை லேசாக இழுத்துச் சொரசொரப்பா வழவழப்பா என்று பாருங்கள், போதும்.

8. கருவி கண்டுபிடித்த இடத்தில் டிரிலை எடுக்காதீர்கள்.

மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஆரம்பச் சொத்தையைச் சீக்கிரம் காட்டும் கருவி கையில் வந்ததும், சீக்கிரம் குடைந்துவிட வேண்டும் என்ற கைப்பரபரப்பு வரும். நல்ல எண்ணத்தோடேயே வரும். அந்தக் கையை அடக்கத் தெரியாதவரிடம் இந்தக் கருவி இருப்பதைவிட இல்லாமல் இருப்பதே பிள்ளைகளுக்கு நல்லது.

நீங்கள் பார்க்கும் பிள்ளைகளின் தாத்தா பாட்டிமாரில் பலர் பால்மரம் வெட்டியவர்கள். அவர்களைக் கேளுங்கள். கத்தி பட்டையைச் சீவ வேண்டும். உள்ளே இருக்கும் உயிர்த்தோலைத் தொடக்கூடாது. ஒரு மில்லிமீட்டர் போலப் பட்டையை விட்டுவைத்து வெட்டுகிறவர்தான் கைதேர்ந்தவர். உயிர்த்தோலில் கத்தி பட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும், அங்கே மறுபடி வெட்ட முடியாது. மண்டோர் வந்து திட்டுவார். காயம் படாத பட்டை தானே வளர்ந்துகொள்ளும். எனாமலின் மேல்தோல் நிற்கும்வரை பல்லும் அப்படித்தான்: எச்சிலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் அந்தத் துளைகளுக்குள் திரும்பிப் போய்ப் படியும், ஃப்ளோரைடு கூட இருந்தால் சுருக்காகப் படியும், முன்னைவிட அமிலத்தைத் தாங்கும்.

ஒருமுறை குடைந்தால் அந்தப் பல் ஒரு பாதையில் இறங்கிவிட்டது. சின்ன அடைப்பு சில வருஷத்தில் கழன்று வரும். அடுத்தது இன்னும் பெரிய அடைப்பு. பிறகு வேர் சிகிச்சை, உறை, கடைசியில் பிடுங்குவது. ஏழு வயதில் தொடங்கினால் நாற்பது வயதுக்குள் அந்தப் பாதை முடிந்துபோகலாம். தோட்டத்தில் முப்பது வயதிலேயே கடைவாய்ப்பல் இல்லாமல் ஒரு பக்கமாக மென்று சாப்பிட்ட அம்மாக்களை நான் நிறையப் பார்த்தேன். அவர்கள் வாய் என் மனத்தில் இன்னும் நிற்கிறது.

கருவியில் எண் கூடுதலாகக் காட்டியது என்பதற்காகவே ஒரே நாளில் பல பற்களைக் குடைந்து அடைத்து அனுப்பப்பட்ட பிள்ளைகளும் என்னிடம் வந்திருக்கிறார்கள். எங்கே செய்தார்கள் என்று சொல்லப்போவதில்லை. அம்மாவுக்குத் திரையில் எண்ணைக் காட்டினால் அவர் பயந்து சரி என்றுதான் சொல்வார். அந்தப் பயத்தைப் பயன்படுத்துவது பாவம். மேல்தோல் உடைந்து, பிரஷ் எட்டாத ஓட்டை விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, வேண்டிய இடத்தில் எக்ஸ்ரேயும் பார்த்து, அதற்குப் பிறகுதான் அடைப்பைப் பற்றிப் பேச்சு. சந்தேகம் என்றால் மூன்று மாதம் காத்திருங்கள். ஆரம்பச் சொத்தை அதற்குள் ஓடிப்போய்விடாது.

9. கருவி தப்புச் செய்யும். எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2020இல் 133 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. ஒளிர்வுக் கருவிகள் உண்மையில் சொத்தை உள்ள இடங்களில் நூற்றுக்கு 70ஐத்தான் பிடித்தன. நல்ல இடங்களில் நூற்றுக்கு 78ஐத்தான் நல்லது என்றன. அப்படியானால் நூறு நல்ல இடங்களில் 22ஐச் சொத்தை என்று சொல்லிவிடுகிறது. எட்டாவதை இரண்டு முறை படிக்கச் சொன்னதற்கு இந்த 22ம் ஒரு காரணம். இரண்டு பற்கள் ஒட்டி நிற்கும் இடுக்கில் கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. அங்கே கடித்துப் பிடித்து எடுக்கும் எக்ஸ்ரேதான்.

10. டிரிலை வைத்துவிட்டால் கையில் என்ன எடுப்பது?

ஃப்ளோரைடு வார்னிஷ் எடுங்கள். 5 சதவீதம் சோடியம் ஃப்ளோரைடு, அதாவது 22,600 பிபிஎம். பல்லை உலர்த்தி, ஒரு சொட்டுக்குள் எல்லாப் பற்களுக்கும் மெல்லிசாகத் தடவினால் போதும். அன்று இரவு பல் துலக்க வேண்டாம், கெட்டியாக எதையும் கடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சில வார்னிஷ் பல்லில் மஞ்சளாகத் தெரியும், மறுநாள் போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பாட்டி அன்றைக்கே உப்பு வைத்துத் தேய்த்து எடுத்துவிடுவார். வார்னிஷில் மரப்பிசின் கலந்திருக்கும், ஆகவே பிசின் ஒவ்வாமையும் கடுமையான ஆஸ்துமாவும் உண்டா என்று கேட்காமல் தடவாதீர்கள். சொத்தை அதிகம் உள்ள பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மற்றவர்களுக்கு ஆறு மாதம். ஆழமான குழிகளுக்குச் சீலன்ட்.

வீட்டில் 1000 பிபிஎம்முக்குக் குறையாத ஃப்ளோரைடு பேஸ்ட். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு. துலக்கிவிட்டுத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். இதை நம் வீடுகளில் ஏற்கவைப்பது சிரமம். பத்து முறையாவது கொப்பளித்தால்தான் வாய் சுத்தம் என்று வளர்ந்தவர்கள் நாம். பேஸ்டைக் கழுவிவிட்டால் மருந்தைக் கழுவிவிட்டது போலத்தான் என்று சொல்லுங்கள், கேட்பார்கள்.

குழாய்த் தண்ணீரையும் மறக்காதீர்கள். 1957இல் ஜொகூரில்தான் நம் நாட்டில் முதன்முதலாகக் குழாய் நீரில் ஃப்ளோரைடு சேர்த்தார்கள். 1972இல் அது தேசியத் திட்டமானது. 2005இல் அளவை 0.7லிருந்து 0.5 பிபிஎம்முக்குக் குறைத்தார்கள். சுத்திகரித்த குழாய் நீர் வந்த வீட்டுக்குத்தான் அந்தப் பலன். கிணற்று நீரையும் ஆற்று நீரையும் நம்பிய தோட்ட லயங்களுக்குக் கிடைத்ததில்லை. வீட்டில் எந்தத் தண்ணீர் என்று கேட்டு அட்டையில் எழுதுங்கள்.

சர்க்கரையில், எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்று கேளுங்கள். இனிப்பு ஏதாவது வாய்க்குள் போன சில நிமிஷத்தில் அமிலம் ஏறும். எச்சில் அதைச் சமன்படுத்த அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். விடிகாலை டின்பால் போட்ட தேத்தண்ணி, பள்ளிக் கேண்டீனில் சிராப் தண்ணி, பத்து மணிக்கு மிட்டாய், சாயங்காலம் மிலோ, படுக்கும்போது பால் பாட்டில் என்று போனால் எனாமலில் கனிமம் திரும்பிப் படிய நேரமே கிடைக்காது. தூங்கும் பிள்ளைக்கு எச்சில் சுரப்பதும் குறைந்துபோகும். முன்னால் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் தொட்டிலுக்குத் தொட்டில் டின்பால் பாட்டில் தொங்கியதைப் பார்த்திருக்கிறேன்; அந்தப் பிள்ளைகளின் மேல் முன்பற்களில் ஈறோரம் சுண்ணாம்புக் கோடு போட்டாற்போல வெள்ளை வரி இருக்கும். அடுத்த வருஷம் போனால் அந்தப் பற்களின் வேர் மட்டும் நிற்கும். இன்றும் ஒரு வயது, ஒன்றரை வயதுப் பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். அதற்குக் கருவி வேண்டாம், உங்கள் விரல் போதும்.

11. கண்ணுக்குக் காப்பு.

பிள்ளைக்கும் உங்களுக்கும் துணையாக நிற்பவருக்கும் ஆரஞ்சு அல்லது மஞ்சள் கண்ணாடி. பணநோட்டைச் சோதிக்கும் ஊதா டார்ச்சை வாங்கி வைத்துக்கொண்டு வாய்க்குள் அடித்துப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம்.

12. திரையை அம்மாவுக்குக் காட்டும்போது வார்த்தையில் கவனம்.

“பூச்சி அரிச்சிருக்கு, நீங்க சரியா பார்க்கல” என்று தொடங்கிவிட்டால் அந்த அம்மா அடுத்த முறை வரமாட்டார். விடிவதற்குள் பால்வெட்டுக்குப் போன தாய்மார்களைப் போலவே, இன்றைக்குக் கூலிம் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்துத் தூக்கக் கண்ணோடு பிள்ளையை அழைத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். “இந்தக் கறுப்பு இப்போதான் ஆரம்பம்மா. ஓட்டை விழல. நம்ம ரெண்டு பேரும் சேர்ந்தா இது ஆறிடும்” என்று சொல்லுங்கள். பல வீடுகளில் பாட்டில் கொடுப்பவர் பாட்டி. அவரையும் உட்கார வைத்துப் படத்தைக் காட்டுங்கள். பாட்டிக்குப் புரிந்தால் அந்த வீட்டில் வேலை பாதி முடிந்தது.

13. ஒரே படத்தை நம்பி ஒன்றும் சொல்லாதீர்கள்.

ஒரு படம் ஒன்றையும் நிரூபிக்காது. மூன்று மாதம் கழித்து எடுக்கும் இரண்டாவது படத்தோடு வைத்துப் பார்க்கும்போதுதான் பிறை சுருங்கியதா, பரவியதா, நின்றதா என்று தெரியும். அதற்கு இரண்டு படங்களும் ஒத்திருக்க வேண்டும். அறை விளக்கை அணையுங்கள், ஜன்னலை மூடுங்கள். பள்ளிக்கூட மண்டபமானால் கறுப்புத் துணியால் தலையோடு மூடிக்கொள்ளலாம். பிள்ளைகள் அதை விளையாட்டாக ரசிப்பார்கள். அதே கோணம், அதே தூரம், அதே உலர்த்தல். சொத்தை ஆறி நின்றபின் சில பற்களில் வெள்ளையோ பழுப்போ தழும்பாக நிலைத்துவிடும். பளபளப்பாக, கெட்டியாக இருந்தால் அது ஆறிய தழும்பு, அதைத் தொடாதீர்கள்.

அட்டையில் எழுத வேண்டியது: பல் எண், எந்தப் பக்கம், ஈரத்தில் தெரிந்ததா உலர்ந்தபின் தெரிந்ததா, மேல்தோல் நின்றதா உடைந்ததா, ஒளிர்வு எத்தனை சதவீதம் குறைந்தது, வார்னிஷ் தடவிய தேதி. ‘சொத்தை ஆரம்பம்’ என்று மட்டும் எழுதி வைத்தால் உங்களுக்குப் பின்னால் வருகிறவர் அதை அடைத்துவிடுவார்.

14. இடம் மாறிப் போகும் பிள்ளையைக் கைவிடாதீர்கள்.

கெடாவில் எத்தனையோ தோட்டங்கள் துண்டுபட்டன, விற்கப்பட்டன, செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் போயின. லயத்தில் பார்த்த பிள்ளை ஆறு மாதத்தில் சுங்கைப் பட்டாணியில் மலிவு வீட்டிலோ பட்டர்வொர்த்தில் ஓர் அடுக்குமாடியிலோ இருப்பான். ஆரம்பச் சொத்தையைக் கண்டுபிடித்து, அடைக்காமல் விட்டு, அவனை மறுபடி பார்க்கவும் இல்லை என்றால் நாம் செய்தது பாதி வேலை. பாதி வேலை இந்த விஷயத்தில் ஆபத்து. அடைக்காமல் விட்டதற்கு நாம்தான் பொறுப்பு. அதனால் பள்ளி மாறும்போது அட்டை கூடப் போகிறதா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். பல் மட்டும் தெரியும் படத்தை, அம்மாவின் அனுமதியோடு, அவர் கைபேசியிலேயே ஏற்றிக் கொடுங்கள். புது ஊரில் எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் அதைக் காட்டச் சொல்லுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை வரும் பள்ளிக் குழுவுக்காகக் காத்திருக்காமல், பக்கத்து அரசாங்கப் பல் கிளினிக்கின் பெயரை எழுதிக் கொடுங்கள். அடுத்த தேதியை அவர்கள் நாற்காலியை விட்டு எழுவதற்குள் குறித்துவிடுங்கள். அது பள்ளி விடுமுறையிலோ தீபாவளி வாரத்திலோ விழாமல், அம்மாவின் ஷிப்ட் எந்த வாரம் மாறுகிறது என்றும் கேட்டுக்கொண்டு குறியுங்கள்.